அணு உலைக் கலனை வெட்டுவது: பெட்டியில் தொடங்கும் கணக்கு

கேள்வி சுருக்கமாக இது: குஜராத்தின் ஆலங் கடற்கரையில் இருபதாயிரம் டன் கப்பலையே காஸ் கட்டரால் சில மாதங்களில் தகடு தகடாகப் பிரித்துவிடுகிறார்கள். மூடிய அணுமின் நிலையத்தின் உலைக் கலன் நானூறு டன் இரும்பு, அவ்வளவுதான். அதை வெட்ட ஏன் ஆண்டுக்கணக்கில் ஆகிறது? வெட்டாமல் அப்படியே புதைத்தால்தான் என்ன? கூடங்குளத்துக்கும் நாளை இதே கதைதானா?

நடுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அப்படியே புதைத்திருக்கிறார்கள், அதுவும் பல முறை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1957-ல் மின்சாரம் தரத் தொடங்கி 1982-ல் நின்ற ஷிப்பிங்போர்ட் உலையின் கலனைக் கான்கிரீட் நிரப்பி, ஒரே உருப்படியாகத் தூக்கி, பார்ஜில் ஏற்றினார்கள். ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு இறங்கி, பனாமா கால்வாயைக் கடந்து, மேற்குக் கரையோரமாக ஏறி, கொலம்பியா ஆற்றுக்குள் நுழைந்து, வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டுக்கு அது 1989-ல் போய்ச் சேர்ந்தது. ஒரு கண்டத்தையே சுற்றிய பயணம். ஆனாலும் ஷிப்பிங்போர்ட் 60 மெகாவாட் உலை, சின்னது.

பெரிய உலை என்றால் ஓரிகனின் ட்ரோஜன். 1,130 மெகாவாட். 1976-ல் வணிக உற்பத்தி தொடங்கி 1992-ல் நின்றது. கலனுக்குள் இருந்த உள்ளமைப்புகளைக்கூட வெளியே எடுக்கவில்லை. எரிபொருளை மட்டும் எடுத்துவிட்டு, மீதி வெற்றிடம் முழுவதும் எடை குறைந்த கான்கிரீட்டை ஊற்றி இறுக்கி, வெளியே எஃகுக் கவசம் போர்த்தினார்கள். மொத்தம் சுமார் 1,000 டன். உள்ளே இருந்த கதிரியக்கம் ஏறத்தாழ 20 லட்சம் கியூரி. 1999 ஆகஸ்டில் கொலம்பியா ஆற்றில் 270 மைல் எதிர்நீரோட்டத்தில் இழுத்துப் போய், வழியில் நான்கு அணைகளின் மதகுப்பெட்டிகளில் ஏற்றி, ஹான்ஃபோர்டில் குழிக்குள் இறக்கினார்கள். ஒரு துண்டுகூட வெட்டவில்லை. தொழிலாளர்கள் வாங்கிய கதிர்வீச்சும் வெட்டியிருந்தால் வாங்கியிருக்கக்கூடியதைவிடக் குறைவு.

அப்படியானால் எல்லோரும் ஏன் ட்ரோஜன் வழியைப் பின்பற்றவில்லை? ட்ரோஜனுக்கு மூன்று விஷயங்கள் ஒரே சமயத்தில் கூடிவந்தன. உலையும் ஆற்றங்கரையில், புதைகுழியும் அதே ஆற்றின் மேல்பகுதியில். அந்தப் புதைகுழி அண்டை மாநிலத்திலேயே இருந்து, ஓரிகனின் கழிவை ஏற்றுக்கொள்ளவும் செய்தது. மூன்றாவதுதான் சூட்சுமம். அமெரிக்க விதிப்படி, தாழ்நிலைக் கழிவு ஏ, பி, சி என்று வகுப்பு பிரிக்கப்படும். சி-யின் வரம்பைத் தாண்டியதைத் தரைமட்டப் புதைகுழியில் போடக் கூடாது. ட்ரோஜனின் உள்ளமைப்புகளில் சில பாகங்களைத் தனியே எடுத்தால் அவை சி-யைத் தாண்டிவிடும். கலனோடும் கான்கிரீட்டோடும் சேர்த்து, முழுப் பொதியும் ஒரே பொருள் என்று சராசரி போட்டால் சி-க்குள் அடங்கிவிடும். ஒழுங்குமுறை அதிகாரிகள் அந்தச் சராசரியை ஏற்றுக்கொண்டார்கள். இதை ஏமாற்று என்று சொன்னவர்களும் உண்டு. ஆயிரம் டன் ஒற்றைக் கட்டியை யாரும் தற்செயலாகத் தோண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள் என்பதால், அதில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. ஆனால் அடுத்த நாட்டுக்கோ அடுத்த மாநிலத்துக்கோ அப்படியே தூக்கிப் பொருத்தக்கூடிய தீர்வு அது அல்ல.

வழி இல்லாதவர்களுக்கு என்ன ஆனது என்பதற்குக் கலிஃபோர்னியாவின் சான் ஒனோஃபிரே முதல் உலையைப் பாருங்கள். 1992-ல் மூடப்பட்டது. உள்ளமைப்புகளில் மிகச் சூடானவற்றை, அதாவது கதிரியக்கம் மிகுந்தவற்றை, வெட்டிப் பிரித்துவிட்டு, கலனைத் தென் கரோலினாவின் பார்ன்வெல் புதைகுழிக்கு அனுப்பப் பார்த்தார்கள். பனாமா கால்வாய் வழியாகக் கொண்டுபோக முடியவில்லை. தென் அமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிக் கப்பலில் கொண்டுபோகப் போட்ட திட்டமும் கைகூடவில்லை. 2008-ன் நடுவில் பார்ன்வெல், மூன்று மாநிலங்களைத் தவிர மற்றவர்களுக்குக் கதவடைத்தது. பொட்டலம் கட்டிய கலன் கடற்கரையிலேயே கிடந்து, கடைசியில் 2020-ல் ரயிலிலும் சாலையிலுமாக யூட்டாவின் கிளைவுக்குப் போனது. ஒரே உருப்படியாக எடுப்பது சுலபம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, வெட்டுவதா வேண்டாமா, வெட்டினால் எத்தனை துண்டு என்பதெல்லாம் கத்தியிலிருந்து தொடங்குவதில்லை. துண்டு போய்ச் சேரும் குழியில் தொடங்கி, அந்தக் குழி ஏற்கும் பெட்டிக்கு வந்து, பெட்டி தாங்கும் எடையையும் கதிரியக்கத்தையும் பார்த்து, கடைசியாகத்தான் வெட்டுக்கோடு வரைகிறார்கள். முதல் கேள்விக்கான பதிலும் பாதிக்கு மேல் இதற்குள்ளேயே இருக்கிறது. மீதிப் பாதி இரும்பைப் பற்றியது.

கலன் என்று பொதுவாகச் சொன்னாலும் அங்கே இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன. ஆயிரம் மெகாவாட் அழுத்தநீர் உலையில் வெளிச்சுவர் என்பது குறைந்த கலப்பு கொண்ட கார்பன் எஃகு. 20 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன், உள்விட்டம் நான்கு மீட்டருக்கு மேல், உயரம் பன்னிரண்டு மீட்டர் போல. அதன் உட்புறத்தில் துரு பிடிக்காமலிருக்கச் சில மில்லிமீட்டர் தடிமனுக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பற்றவைத்துப் பூசியிருப்பார்கள். இந்தக் கலனுக்குள் எரிபொருளைத் தாங்கும் கூடு, அதைச் சுற்றிய தடுப்புத் தகடுகள், வெப்பக் கவசம், மேல் கட்டமைப்பு என்று இன்னொரு கட்டடமே நிற்கிறது. அதுதான் உள்ளமைப்புகள். முழுக்க முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு, நாம் சமையலறையில் எவர்சில்வர் என்று புழங்கும் அதே குடும்பம்.

ஆபத்து அந்த எவர்சில்வரில்தான். எரிபொருளுக்கு மிக அருகில் இருப்பதால் நியூட்ரான் மழையில் பல ஆண்டுகள் நனைந்தது அதுதான். நிக்கலோடு ஒட்டிக்கொண்டு வரும் சிறிதளவு கோபால்ட், கோபால்ட்-60 ஆக மாறிவிடும். அதன் அரைஆயுள் 5.27 ஆண்டு; வெளியிடும் காமாக் கதிர்கள் கடுமையானவை. நிக்கலிலிருந்தே சுமார் 100 ஆண்டு அரைஆயுள் உள்ள நிக்கல்-63 வரும். எஃகில் துளியளவு இருக்கும் நியோபியத்திலிருந்து, இருபதாயிரம் ஆண்டு அரைஆயுள் கொண்ட நியோபியம்-94 வரும். முதலாவது வெட்டுகிறவருக்கு எதிரி. பின்னவை இரண்டும் புதைக்கிறவருக்கு எதிரி. தடுப்புத் தகட்டின் பக்கத்தில் கவசமில்லாமல் நின்றால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு உலை வைக்கும் அளவு வாங்கிவிடலாம். எனவே அதன் மேல் சில மீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். வெட்டுகிறவர் பாலத்தின் மேலிருந்து நீண்ட கம்பிகளாலும் கேமராவாலும் வேலை செய்ய வேண்டும்.

இங்கேதான் காஸ் கட்டர் தோற்கிறது. பட்டறையில் வேலை பார்த்த எவரும் சொல்வார்கள், காஸ் கட்டிங் என்பது இரும்பை உருக்குவது அல்ல, ஆக்சிஜனில் எரிப்பது. எரிந்த இரும்பு ஆக்சைடு கசடாக ஒழுகிவிடும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் இருக்கிறது. குரோமியம் ஆக்சைடு அடியில் உள்ள எஃகைவிட அதிக வெப்பத்தில்தான் உருகும். அது மேலே தோலாகப் படிந்து ஆக்சிஜனை உள்ளே விடாது. டார்ச்சை எவ்வளவு நேரம் பிடித்தாலும் வெட்டு ஓடாது. கப்பல் தகடு கார்பன் எஃகு, அதனால் ஆலங்கில் ஓடுகிறது. உலையின் உள்ளமைப்புகளில் ஓடாது.

ஓடக்கூடியது பிளாஸ்மா. மின்வில்லால் வாயுவைச் சூடாக்கி உலோகத்தை உருக்கி ஊதித் தள்ளும். எந்த உலோகமானாலும் சரி. மினசோட்டாவின் எல்க் ரிவர் உலையை 1971 முதல் 1974 வரை பிரித்தபோது இதைத்தான் தொலைவிலிருந்து இயக்கினார்கள். ஜப்பானில் முதன்முதலில் அணுமின்சாரம் தந்த டோக்காய் ஜேபிடிஆர் உலையை 1986-96 காலத்தில் பிரித்தபோதும் உள்ளமைப்புகளுக்கு நீரடிப் பிளாஸ்மாதான். கலன் சுவருக்கு மட்டும், சுழலும் தட்டுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்வில் பாயும் ஆர்க் சா என்ற இயந்திரத்தை நீருக்கடியில் ஓட்டினார்கள். பிளாஸ்மா வேகமானது. ஆனால் உருகிச் சிதறிய துளி தண்ணீரில் நுண்துகளாகக் கலந்துவிடும். தண்ணீர் கலங்கும், கேமரா குருடாகும், குமிழிகளோடு கதிரியக்கத் துகள் மேலே வரும், வடிகட்டிகள் சீக்கிரம் நிறைந்து தாமே ஆபத்தான கழிவாகிவிடும்.

அடுத்து அமெரிக்கர்கள் போனது, மணல் கலந்த உயர் அழுத்த நீர்ப் பீச்சுக்கு. மெய்ன் யாங்கி, கனெக்டிகட் யாங்கி, சான் ஒனோஃபிரே முதல் உலை மூன்றிலும் உள்ளமைப்புகளை இதனால்தான் வெட்டினார்கள். வெப்பமில்லை, வாயு இல்லை, எந்த வடிவத்தையும் எந்தக் கோணத்திலும் வெட்டலாம், கருவியும் சின்னது. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டியது போக, கார்னெட் மணல் மூட்டை மூட்டையாகக் குளத்துக்குள்ளேயே கிடக்கும். அந்த மணலோடு நுண்ணிய உலோகத்தூளும் கலந்திருக்கும். ஒரு கிலோ எஃகை வெட்டுவதற்காக அதைவிடப் பல மடங்கு எடைக் கழிவை நீங்களே குளத்தில் கொட்டுகிறீர்கள். என் கணிப்பில், வெட்டும் வேலைக்குத் திட்டம் போட்டவர்கள் வடிகட்டும் வேலைக்குப் போதிய திட்டம் போடாததுதான் அந்தத் தலைமுறையின் பலவீனம்.

இந்த விவாதத்துக்குக் கிட்டத்தட்ட முற்றுப்புள்ளி வைத்தது பெல்ஜியத்தின் மோல் நகரில் இருந்த பிஆர்3. பத்து மெகாவாட்தான், ஆனால் மேற்கு ஐரோப்பாவின் முதல் அழுத்தநீர் உலை. 1962-ல் தொடங்கி 1987-ல் நின்றது. ஐரோப்பிய ஆணையம் அதையே மாதிரித் திட்டமாக எடுத்துக்கொண்டு, வெட்டுவதோடு ஒப்பிடவும் செய்யுங்கள் என்று பணம் கொடுத்தது. 1991-ல் அதன் வெப்பக் கவசத்தை மூன்று வழிகளில் வெட்டிப் பார்த்தார்கள்: பிளாஸ்மா, மின்பொறி அரிப்பு, சுழலும் பற்களால் உலோகத்தைச் சீவும் மில்லிங் கட்டர். பிளாஸ்மா வேகத்தில் வென்றது, கழிவில் தோற்றது. மின்பொறி அரிப்பு துல்லியமானது, ஆனால் நத்தை. ஒரு போல்ட்டைக் குடைந்து எடுக்கச் சரி, ஒரு சுவரைப் பிளக்க உதவாது. மில்லிங் மெதுவாகத்தான் போனது. ஆனால் பிசிறு கனமான சில்லுகளாக நேரே கீழே விழுந்தது, தண்ணீர் தெளிவாக இருந்தது, வேலை நிற்கவில்லை. மெதுவாக ஓடும் கருவி மொத்தத்தில் முந்துகிறது என்று அங்கே காகிதத்தில் எழுதிக் காட்ட முடிந்தது. அதற்குப் பிறகு அந்தத் திட்டம் பெரும்பாலும் இயந்திர வெட்டுக்கே திரும்பியது: சுற்று ரம்பம், பேண்ட் சா என்ற பட்டை ரம்பம், மில்லிங். 1999-2000-ல் கலன் முறை வந்தபோது, அதை மொத்தமாக மேலே தூக்கி எரிபொருள் மாற்றும் குளத்துக்குள் கொண்டுவந்து, மில்லிங் கட்டரால் கிடைமட்டமாக வளையங்களாகவும், பேண்ட் சாவால் செங்குத்தாகத் துண்டுகளாகவும் தண்ணீருக்குள்ளேயே போட்டார்கள்.

வெட்டின் அகலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கரை மீட்டர் விட்டம், 22 சென்டிமீட்டர் தடிமன் உள்ள பெரிய கலனைச் சுற்றி ஒரே ஒரு கிடைவெட்டு. வெட்டும் பரப்பு மூன்று சதுர மீட்டருக்குச் சற்று மேல். பேண்ட் சாவின் வாய் 3 மில்லிமீட்டர் என்றால் சுமார் 75 கிலோ எஃகு பிசிறாகும். பிளாஸ்மா போல 10 மில்லிமீட்டர் அகலமாக உருக்கினால் 250 கிலோ. இது ஒரு வெட்டுக்கு. ஒரு கலனுக்கு இப்படிப் பல வளையமும், வளையத்துக்குப் பல துண்டும் இருக்கும். அத்தனை பிசிறையும் ஒரு சில்லு விடாமல் உறிஞ்சி எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். தகடாக இருந்தபோது ஓரிடத்தில் கிடந்த கதிரியக்கம் பிசிறானதும் தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும்.

பிஆர்3-ல் இன்னொரு சோதனையும் தானாக அமைந்தது. அந்த உலைக்கு இரண்டு தொகுதி உள்ளமைப்புகள் இருந்தன. முதல் தொகுதியை 1964-ல் கழற்றிவிட்டு வேறு வடிவமைப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். ஆக, ஒன்று முப்பது ஆண்டு ஆறியது, மற்றொன்று சில ஆண்டுகளே ஆறியது. இரண்டையும் பக்கம்பக்கமாக வெட்டிப் பார்த்தார்கள். முப்பது ஆண்டில் கோபால்ட்-60 ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனாலும் மீதமிருப்பது கையால் தொட முடியாத அளவு. அதே தண்ணீர், அதே நீண்ட கருவி, அதே முறைதான் வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டு பூட்டி வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று சொல்பவர்களுக்கு, உள்ளமைப்புகளைப் பொறுத்தவரை இது நேரடியான பதில். அந்த ஐம்பது ஆண்டில் உலையை இயக்கிய மனிதர்கள் போய்விடுவார்கள். எந்த போல்ட் எங்கே சிக்கும் என்று தெரிந்தவர் இருக்க மாட்டார்.

வெளிச்சுவரைப் பொறுத்தவரை காத்திருப்பதில் பலன் உண்டு. அதன் கதிரியக்கம் மிகக் குறைவு. பெரும்பாலும் எரிபொருள் நின்ற உயரத்துக்கு ஒரு பட்டை மாதிரிதான். மேல் விளிம்பும் கீழ்க் கிண்ணமும் அவ்வளவு மோசமில்லை. முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சோவியத் வடிவமைப்பு 440 மெகாவாட் உலைகள் அவை. நான்கு உலைகளின் கலன்களை வெட்டாமல் முழுசாக எடுத்து, பக்கத்திலேயே கட்டிய இடைக்காலக் கிடங்கில் நிறுத்திவிட்டார்கள். ஆறட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். அதற்கு முன்னால், கட்டுமானத்தோடு நின்றுபோன ஏழாவது, எட்டாவது உலைகளுக்காக வந்த, நியூட்ரானே படாத கலன்களைத் தொலை இயக்கத்தில் வெட்டிப் பழகியிருந்தார்கள். பழகுவதற்கு நிஜக் கலனே கிடைப்பது அபூர்வமான வாய்ப்பு. மற்றவர்கள் முழு அளவு மாதிரி செய்து பழகுகிறார்கள்.

சுவரில் காஸ் கட்டருக்கும் மறுபடி இடமுண்டு. அது கார்பன் எஃகு ஆயிற்றே. வெளிப்பக்கத்திலிருந்து வெட்டினால், எரியும் இரும்பின் சூடான கசடே உட்பூச்சின் மெல்லிய துருப்பிடிக்காத எஃகையும் கரைத்துக்கொண்டு போய்விடும். உட்பக்கத்திலிருந்து தொடங்கினால் வராது. இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் வாயுக் குளிர்விப்பு உலையின் கலனை ஆக்சி-புரொப்பேன் டார்ச்சால் தொலை இயக்கத்தில் வெட்டினார்கள். இல்லினாய்யின் ஸயான் உலைகளிலும் உள்ளமைப்புகளுக்கு இயந்திர வெட்டு, சுவருக்கு வெப்ப வெட்டு என்று பிரித்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் வூர்காசன் கொதிநீர் உலையில் கலனுக்கும் மணல் கலந்த நீர்ப் பீச்சைத் தேர்ந்தார்கள். ஒரே கருவியால் முழு வேலையும் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்புவதற்கு யோசியுங்கள்.

வினோதமான உபாயங்களும் உண்டு. ஜெர்மனியின் குண்ட்ரெமிங்கன் ஏ உலையில் நீராவி உற்பத்திக் கலன்களை வெட்ட வேண்டியிருந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். ரம்பம் பட்டால் அதிரும், வளையும், தூசு பறக்கும். கலனில் தண்ணீரை நிரப்பி அப்படியே உறைய வைத்துவிட்டு, பனிக்கட்டியோடு சேர்த்துப் பேண்ட் சாவால் அறுத்தார்கள். பனி குழாய்களைப் பிடித்துக்கொண்டது, தூசையும் கட்டிப்போட்டது, கொஞ்சம் கவசமாகவும் நின்றது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. கொலராடோவின் ஃபோர்ட் செயின்ட் வ்ரெயினில் கலனே இழுவிசைக் கம்பிகள் கொண்ட கான்கிரீட்; அதைத் தண்ணீரால் நிரப்பி, மேற்பகுதியை வைரம் பதித்த கம்பி ரம்பத்தால் ஆப்பு வடிவத் துண்டுகளாக அறுத்தார்கள்.

இனி பெட்டி. வேலை தொடங்குமுன் உலையின் முப்பரிமாண மாதிரி ஒன்றைக் கணினியில் கட்டி, ஒவ்வொரு பாகமும் எத்தனை ஆண்டு எவ்வளவு நியூட்ரான் வாங்கியது என்று கணக்கிட்டு, மாதிரி எடுத்துச் சரிபார்ப்பார்கள். அதன் மேல்தான் வெட்டுக்கோடுகள். ஒரே கூட்டின் நடுப்பகுதி ஒரு வகுப்பு, இரண்டு முழம் மேலே வேறு வகுப்பு. கோடு ஒரு கை அகலம் தள்ளிப்போனால் சாதாரணப் புதைகுழிக்குப் போக வேண்டிய துண்டு, போக்கிடமே இல்லாத வகுப்பில் சேர்ந்துவிடும். கல்யாண மண்டபத்தைக் காலி செய்யும்போது, எந்தப் பாத்திரம் எந்த வீட்டு வண்டியில் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தானே அடுக்கைத் தொடுவோம், அதே வரிசை. பெட்டியின் கொள்ளளவு, தூக்கும் எடை, உள்ளே சிக்கும் ஈரம் எல்லாம் பார்க்க வேண்டும். ஈரம் ஏன் என்றால், கதிர்வீச்சில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் சேரும். மூடுமுன் உலர்த்தியே ஆக வேண்டும்.

போக்கிடமில்லாத அந்த வகுப்பு அளவில் சிறியது, ஆனால் கண்ணில் படும். மெய்ன் யாங்கி இருந்த இடத்தில் இன்று உலை இல்லை, கட்டடம் இல்லை. 64 கான்கிரீட் உருளைகள் மட்டும் காவலோடு நிற்கின்றன. அவற்றில் 60 எரிபொருள். மீதி நான்கும் வெட்டிய உள்ளமைப்புகளின் மிகச் சூடான துண்டுகள். கனெக்டிகட் யாங்கியில் 43-ல் மூன்று அப்படி. ஸ்பெயினின் ஸோரிட்டாவில் 12 எரிபொருள் உருளைகளுக்குப் பக்கத்தில் நான்கு. ஸோரிட்டா 150 மெகாவாட் உலை; 2006-ல் மூடி, உள்ளமைப்புகளையும் கலனையும் நீருக்கடியில் இயந்திர ரம்பங்களால் வெட்டினார்கள். குறைந்த கதிரியக்கமுள்ள துண்டுகள் கோர்டோபாவின் எல் காப்ரில் புதைகுழிக்குப் போயின. எல் காப்ரில் எந்த அளவுப் பெட்டியை ஏற்கும் என்பது தெரிந்திருந்ததால் வெட்டுத் திட்டமும் ஒழுங்காக வந்தது.

நடைமுறையில் நேரத்தை எது தின்கிறது என்றால், ரம்பம் ஓடும் நேரம் அல்ல. ஓடாத நேரம். கதிர்வீச்சில் பல ஆண்டு இருந்த எஃகு கெட்டிப்பட்டிருக்கும். பற்றவைத்த இடங்களில் உள்ளழுத்தம் தேங்கியிருக்கும். பாதி வெட்டியதும் வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விப் பிடிக்கும். பட்டறையில் என்றால் ஆப்பு வைத்துத் தட்டி எடுப்போம். பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்கடியில், கேமராவில் பார்த்தபடி அதைச் செய்ய வேண்டும். எனவே ஒவ்வொரு கருவிக்கும், சிக்கினால் எப்படி மீட்பது என்று முன்கூட்டியே ஒரு திட்டமும் இன்னொரு கருவியும் வேண்டும். அறிவாளிகள் வெட்டுவதைக் கூடுமானவரை தவிர்த்து, கழற்றுவதைப் பார்ப்பார்கள். தடுப்புத் தகடுகளை நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் பிடித்திருக்கும். போல்ட் தலையை மில்லிங் செய்து எடுத்தால் தகடு முழுசாகக் கையில் வரும், பிசிறும் குறையும். வரிசையும் முக்கியம்: குறைந்த கதிரியக்கமுள்ள மேல் உள்ளமைப்பில் தொடங்கிக் குழு கைபழகிய பிறகே, சூடான கீழ்ப்பகுதிக்கு இறங்குவார்கள்.

சமீபத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு பாதையும் வந்திருக்கிறது. புளோரிடாவின் கிரிஸ்டல் ரிவர் மூன்றாம் உலையில், கலனைச் சிறு துண்டுகளாகப் போடாமல், உள்ளமைப்புகளின் பெரும்பகுதியை உள்ளே வைத்தே இட்டுநிரப்பி, சில பெரும் பாளங்களாக அறுத்து அனுப்பும் முறையைக் கையாண்டார்கள். ட்ரோஜனின் சராசரித் தந்திரமும் இன்றைய சாலை எடை வரம்பும் சமரசம் ஆன இடம் என்று இதைச் சொல்லலாம். வெட்டு குறைவு, நேரம் குறைவு. ஆனால் பெரிய பாளத்தை ஏற்கும் குழி இருக்கும் நாட்டில்தான் இது எடுபடும்.

கடைசியாகக் கூடங்குளம். இந்தியாவில் பெரும்பாலான உலைகள் கனநீர் வகை. அவற்றில் இப்படித் தடித்த ஒற்றைக் கலன் கிடையாது. கலாண்ட்ரியா என்ற துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியும், அதன் ஊடே கிடைமட்டமாகப் போகும் அழுத்தக் குழாய்களும்தான். 220 மெகாவாட் உலைக்கு 306 குழாய்கள். கல்பாக்கத்தின் இரண்டு உலைகளிலும் அந்தக் குழாய்களை மொத்தமாகக் கழற்றி மாற்றிய அனுபவம் நம் ஆட்களுக்கு உண்டு. கதிரியக்கத்துக்கு நடுவில் தொலைக்கருவியால் அறுத்து, பிடுங்கி, சுருக்கிப் பெட்டியில் போடும் வேலை அது. கலைப்பு வேலைக்கு மிக நெருங்கியது. ராஜஸ்தானின் முதல் உலை 2004-லிருந்து ஓடவில்லை, ஆனால் இன்னும் பிரிக்கப்படவில்லை. அழுத்தக் கலன் என்று பார்த்தால் 1969-ல் தொடங்கிய தாராப்பூரின் இரண்டு கொதிநீர் உலைகளும், கூடங்குளமும்தான்.

கூடங்குளத்தின் கலன் ஒவ்வொன்றும் சுமார் 320 டன், ஏறக்குறைய 11 மீட்டர் உயரம். ரஷ்யாவிலிருந்து கடல் வழியாக ஒரே உருப்படியாக வந்திறங்கியவை. அதே வழியில் கான்கிரீட் நிரப்பித் திரும்ப ஏற்றலாமே என்று கேட்டால், வண்டிக்கும் கப்பலுக்கும் பஞ்சமில்லை. இறக்கிவைக்கும் இடத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். நிலைய வளாகத்திலேயே பெரிய பாளங்களை ஏற்கும் குழி அமைந்தால், வெட்டு சிலவற்றோடு முடியும். சின்னப் பெட்டிகள் மட்டுமே போகக்கூடிய பொதுக் கிடங்கு என்றால் ஸோரிட்டா மாதிரி நீருக்கடியில் பேண்ட் சா. கிரைஃப்ஸ்வால்ட் மாதிரி உள்ளமைப்புகளைத் தனியே எடுத்துவிட்டுக் கலனை முழுசாகக் கிடங்கில் ஆறவிடுவதும் ஒரு வழி. அதற்குக் கூரை உயரமும் கிரேன் திறனும் இப்போதே கணக்கில் இருக்க வேண்டும். முதல் உலை 2014 டிசம்பர் கடைசியில்தான் வணிக உற்பத்திக்கு வந்தது. ஆகையால் வெட்டும் நாளுக்கு நேரம் இருக்கிறது. குழியைத் தேர்வதற்கு அவ்வளவு நேரம் இல்லை.